சீக்கு சார் செய்துவைத்த சம்பந்தம்

காரைக்குடி வட்டாரத்திலேயே பயிருக்கு நோய் வரவேண்டும் என்று சாமி கும்பிட்ட ஒரே ஆள் சீக்கு சார்தான். சாக்கோட்டைப் பக்கம் ஒரு சோயா ஆராய்ச்சிப் பண்ணையில் அவர் எனக்குப் பக்கத்து வயல்.

மஞ்சள் நோயைத் தாங்கும் சோயா ரகத்தை உருவாக்குவதுதான் இருவருக்கும் வேலை. யாருடைய செடி தேறுகிறதோ அதுதான் மேலே போகும். என்னுடையது கொழுத்த காய் காய்க்கும் ரகம். அவரோ நடுநடுவே நோஞ்சான் செடிகளை நட்டு, நோயைப் பரப்பும் வெள்ளை ஈக்குப் பந்தி வைப்பார்; நோய் வந்தால்தானே எது தாங்கும் என்று தெரியும் என்பார். "வாங்க, இங்குட்டு வாங்க, சாப்பிட்டீகளா?" என்று ஈயிடம் விசாரித்ததை என் காதால் கேட்டிருக்கிறேன்.

களையெடுக்க வரும் செல்லம்மாக்கா அவருக்கு மட்டும் கருவாட்டுக் குழம்பு கொண்டுவருவார். பாதி வயிறு அதிலேயே எரிந்தது.

தேர்வுக் குழு வரவிருந்த பருவத்தில், முளைத்த நாள் முதலே ஆள் இல்லாத நேரம் பார்த்து என் செடிகளுக்கு, ஈ அண்டாமலிருக்க, வேப்பெண்ணெய் அடித்தேன். எங்கள் தொழிலில் இது பரீட்சையில் பிட் அடிப்பது மாதிரி. என் வயல் பச்சைப்பசேல், குழு கைகுலுக்கியது. சீக்கு சார் குனிந்து ஓர் இலையை முகர்ந்தார்.

"என்ன சார், ஒங்க செடிக எண்ணெ தேச்சுக் குளிச்சிருக்கு போல?"

குழுவிடம் மூச்சு விடவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

இன்னொரு பருவம் பார்க்கலாம் என்றது குழு. எண்ணெய் அடிக்கத் துணிவில்லை. என் வயல் மொத்தமும் மஞ்சளானது. சீக்கு சார் இடுக்கியோடு வந்து நின்றார்.

"பூ தாரீகளா? ஒங்களது காய் கொழுத்தது. என்னோடது நோய் தாங்கும், ஆனா காய் சுண்டைக்காதான். சம்பந்தம் பண்ணிருவோம்."

மூச்சை அடக்கி, என் செடியின் மொட்டுகளைப் பிரித்து, தன் செடியின் மகரந்தத்தைத் தடவினார். பிறந்த பிள்ளைகள் அத்தனையும் மஞ்சள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

"தாங்குற கொணம் ஒளிஞ்சிருக்கு சார். தாய், தகப்பன் ரெண்டு பக்கமும் கெடைச்சாத்தான் வெளிய தெரியும். பேரப்புள்ளைக வரட்டும்."

பேரப்பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று பச்சையாக நின்றது; சிலவற்றில் கொழுத்த காய் வேறு! பண்ணையே அவர் வயலில் கூடியது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சில பருவங்கள் கழித்துத் தேறிய ரகத்துக்குப் பலகை நட்டார்கள். பொருமிக்கொண்டே பார்க்கப் போனேன். பெற்றோர் வரிசையில் முதலில் என் ரகத்தின் பெயர், அப்புறம்தான் அவருடையது.

"என்ன சார் இது?"

"தாய் பேரத்தான மொதல்ல எழுதணும்? பெத்தது ஒங்க செடி."

வழக்கம் அதுதான். ஆனால் நினைத்திருந்தால் தன் செடியையே தாயாக வைத்திருக்கலாமே என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இப்போது அவர் வேறு ஊரில். என் வயலிலும் நோஞ்சான் செடிகள் நடுகிறேன். ஆள் யாரும் இல்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டு, வெள்ளை ஈயிடம் கேட்கிறேன்: "சாப்பிட்டீகளா?"