பேப்பரில் முதல் தாள் யாருக்கு?

கோட்டுச்சேரியில் பிறந்து வளர்ந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், வீசுகிற காற்றுக்கே ஆட்சேபணை தெரிவித்த ஒரே ஜீவன் எங்கள் ஆட்சேபணை அக்காதான் என்று சொல்வார்கள். அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது. பள்ளிக்கூட ரிஜிஸ்டரைத் தவிர வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை.

"சின்னப் பொண்ணு, நீ சும்மா இரு" என்ற ஐந்து சொற்கள் காதில் விழுந்தால் போதும், எழுந்து நின்றுவிடுவாள். மளிகைக் கடையில் எண்ணெய்ப் பாட்டிலோடு பிள்ளைகள் அரை மணி நேரமாக நிற்க, கடைக்காரர் பின்னால் வந்த பெரியவர்களுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா நடுவில் போய் நின்றாள்.

"ஆட்சேபணைங்க. இந்தப் புள்ளைங்களுக்கு முன்னாடி வந்தவங்க யாராவது இருந்தா கையத் தூக்குங்க."

ஒரு கையும் மேலே போகவில்லை. கல்யாண வீட்டில் பிள்ளைகளுக்கு வடை தீர்ந்த மூன்றாம் பந்திதான் என்ற ஏற்பாட்டுக்கும் ஆட்சேபணை. இருபது வாண்டுகளோடு முதல் பந்தியில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளையின் பெரியப்பா கழுவிய கையோடு இலைக்காகக் காத்து நின்றார். அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்குப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் முதலில் அவள் வீட்டுக்குத்தான் போனார்கள், வடை தாராளமாக உண்டு என்று உறுதி சொல்வதற்கு.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. தனக்குப் பத்தொன்பது என்று அவள் சொல்லியிருந்தாள். அக்கா என்று கூப்பிட்டால் அதற்கும் சண்டை. "ஒரு வருஷம் முன்னாடி பொறந்துட்டா மரியாதை குடுக்கணுமாடி? ஆட்சேபணை." நானும் விடவில்லை, அக்கா அக்கா என்றே கூப்பிட்டுக் கழுத்தறுத்தேன்.

எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் கதையைச் சொன்னால்தான் அவளுடைய பெருமை விளங்கும். எழுபதுகளின் கடைசி. பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்குத்தான் அங்கே அனுமதி. வருவது ஒரே ஒரு நாளிதழ். அதைத் தாள் தாளாகப் பிரித்து வயது வரிசைப்படி படிப்பார்கள். முதல் தாள், எழுபது வயது என்று சொல்லிக்கொண்ட பிரசிடெண்ட் ஐயாவுக்கு. அவர் தாளைப் படித்து முடித்ததும் அதை முகத்தில் போர்த்திக்கொண்டு தூங்குவார். அதுவும் படிப்பதில் சேர்த்திதான், தாளைத் தொடக்கூடாது. எங்கள் கைக்கு வரும்போது அதில் மூக்குப்பொடியும் வெற்றிலைச் சாறும் போக மீதி இருக்கும் செய்தியைப் படித்துக்கொள்ளலாம்.

வேலைக்கான விளம்பரங்கள் வருவது அந்த முதல் தாளின் பின்பக்கத்தில். எனக்கோ ஒரு வேலை கிடைத்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் தை மாதம் என்னை மாமன் மகனுக்குக் கட்டிவைப்பதாக அப்பா முடிவு செய்திருந்தார். ஏற்கெனவே இரண்டு விளம்பரங்கள், தேதி முடிந்த பிறகுதான் என் கண்ணில் பட்டன. அழுதுகொண்டே அக்காவிடம் சொன்னேன். அவள் நேராகப் படிப்பகத்துக்குள் போனாள்.

"வயசு வரிசைன்னா வயசுக்கு அத்தாட்சி வேணும்ல? திங்கக்கெழம எல்லாரும் மேரி சர்டிபிகேட்டோட வாங்க."

மேரி என்பது எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுக்காரன் வைத்துவிட்டுப் போன ஊராட்சி அலுவலகம். பிள்ளை பிறந்த நாள், மணி எல்லாம் அங்கே பதிவாகியிருக்கும். பக்கத்துத் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள் போல "புயலடிச்ச வருஷம் பொறந்தேன்" என்று நாங்கள் சமாளிக்க முடியாது. இது தெரிந்திருந்தும் பிரசிடெண்ட் ஐயா, வீறாப்பில் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டார்.

திங்கட்கிழமை படிப்பகமே நிரம்பி வழிந்தது. ஐயா மேசைமேல் பேப்பரை வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

"மொதல்ல ஒன்னுதக் காட்டு பாப்பா."

அக்கா மடித்த காகிதத்தை நீட்டினாள். ஐயா வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"பதினேழுதான் ஆவுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஆமாங்க. பதினேழுன்னா உள்ளயே விடமாட்டீங்க. அதான் ரெண்டு கூட்டிச் சொன்னேன். தப்புதான். நான் வெளியில போயிடறேன். இப்ப ஒங்களுது காட்டுங்க."

சொன்னபடியே வெளியே போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தனை பேரும் ஐயாவையே பார்த்தார்கள். அவர் சட்டைப் பையைத் தடவினார். பெஞ்சின் கடைசியில், எப்போதும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அரிசி மில் பெரியவர் எழுந்து வந்து, ஐயா மெல்ல வெளியே எடுத்த காகிதத்தை வாங்கி உரக்கப் படித்தார். அறுபத்தொன்று. பிறகு தன்னுடையதைக் காட்டினார். எழுபத்து நான்கு.

அப்புறம் கேட்கவேண்டுமா? மூன்றாம் தாள்காரர் ஆறாம் தாளுக்கு இறங்கினார். ஐந்தாம் தாள்காரர் தனக்குப் பத்து வருடப் பாக்கி இருப்பதாகக் கத்தினார். அந்த அமளியில் பேப்பர் மேசையில் அநாதையாகக் கிடந்தது. நான் முதல் தாளை எடுத்தேன்.

"பாப்பா, கீழ வை" என்றார் ஐயா.

மில் பெரியவர் கையமர்த்தினார். "ரூல்படி மொதத் தாளு என்னுது. எனக்குக் கண்ணு மங்கல். அந்தப் பொண்ணு படிக்கட்டும். இனிமே யாரு மொதல்ல வர்றாங்களோ அவங்க மொதல்ல படிங்க."

விளம்பரம் இருந்தது! நாகப்பட்டினத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை, மறுநாள் காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. ஜன்னலைப் பார்த்துச் சத்தமாகப் படித்தேன். "பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும்" என்ற வரி வந்ததும் என் குரல் இறங்கிவிட்டது. அவளும் வேலை தேடிக்கொண்டுதான் இருந்தாள்.

"எனக்கு அடுத்த வருஷம் வரும்டி. நீ மேல படி."

மறுநாள் முதல் பஸ்ஸில் அவளும் என்னோடு வந்தாள். "தனியா வந்தீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லீங்க சார், எங்க அக்கா வெளியில நிக்கிறாங்க."

சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினேன். அவளுக்கு நன்றாகவே கேட்டிருக்கும். ஆட்சேபணை வரும் என்று காத்திருந்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வேலை கிடைத்தது. தை மாதம் எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. என்னைவிட ஒரு வயது சின்னவளான அவளை நான் இன்றைக்கும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன்.