கத்தரிக்கோலின் பின்னணி நீக்கிய படலம்

சுழல்நாற்காலியை அரியணையாகக் கொண்டவளும், வலக்கையில் மௌஸும் இடக்கையில் ஆறிப்போன தேநீரும் தாங்கியவளும், பிக்சல் என்னும் புள்ளிப்படையை எண்ணூறு சதவீதம் பெருக்கிப் பார்த்தும் கண் இமைக்காதவளுமாகிய அச்சகத்து டிசைனர் வாழ்க. அவள் கொற்றம் மாலை நான்கு மணி வரையேனும் நிலைப்பதாக.

மூன்று மணிக்குத் தையற்கடைக்காரர் படியேறி வந்தார். தம் பெயர்ப்பலகைக்கு அவள் வரைந்த கத்தரிக்கோல் படத்தை, கைப்பேசியின் கருந்திரையில் சுற்றிலும் வெள்ளைக் கட்டம் தெரிகிறதென்று இருமுறை திருப்பி அனுப்பியவர் அவர்.

"எங்க மாப்பிள்ளை வெள்ளைய எடுத்து, கைப்பிடிக்கு ஊதா கலரும் குடுத்துட்டாரும்மா. இதையேதான் போடணும். பாரு, கட்டம் கட்டமா இருக்கா? அப்படின்னா பின்னாடி ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தமாம்."

மாப்பிள்ளை மெய்யே உரைத்தார். மாமனாரோ படக்கோப்பை வாங்காமல், அது தெரிந்த திரையைப் படம்பிடித்து வந்திருந்தார். வெறுமைக்கு அடையாளமாக மென்பொருள் காட்டும் சாம்பற் சதுரங்கள் இப்போது மெய்யான சதுரங்களாகிப் படமெங்கும் பாசறை அமைத்திருந்தன. மூலக்கோப்பைக் கேட்கலாமென்றால், மாப்பிள்ளை வண்டி ஓட்டும்போது போன் எடுக்கமாட்டாராம்.

அப்போது முதலாளி கண்ணாடிக் கதவுக்குப் பின்னிருந்து முழங்கினார்: "நாலு மணிக்கு மெஷின்ல ஏத்துறோம். மூணாவது தடவையும் திரும்பி வந்துச்சுன்னா, நாளையிலேர்ந்து நீ லேமினேஷன் பக்கம் போயிடும்மா."

மூண்டது போர். முதலில் அவள் ஒருநிறப் பகையை ஒரே சொடுக்கில் வளைக்கும் மாயக்கோலை ஏவ, அது சதுரங்களோடு கத்தரிக்கோலின் சாம்பல்நிற அலகுகளையும் விழுங்கிவிட, செய்ததை மீட்டு, அழிப்பானைக் கையிலெடுத்து, மதிலேறும் பகைவரை ஒவ்வொருவராகத் தள்ளிவிடும் காவலனைப்போல் அலகின் ஓரமெல்லாம் புள்ளி புள்ளியாகத் துடைத்து, கைப்பிடி வளையங்களுக்குள் பதுங்கிய பன்னிரண்டு சதுரங்களையும் தேடி ஒழித்து, மூன்று ஐம்பத்தேழுக்கு நிமிர்ந்தாள். கத்தரிக்கோல் வெறுமையில் மிதந்தது.

வெறுமையை வெறுமையாகவே காக்கும் கோப்பு பி.என்.ஜி. ஜேபெக்கோ வெறுமை அறியாதது; காலியிடம் கண்டால் வெள்ளை பூசும். இதை அறிந்தவள்தான் அவள். ஆயினும் ஈராண்டுப் பழக்கத்தில் விரல் ஜேபெக்கில் சேமித்து, அனுப்பியும் விட்டது. கோப்புப் பெயரின் வாலை அவள் கண்டபோது இயந்திரம் உறுமத் தொடங்கியிருந்தது.

அவள் எழுந்துபோய் லேமினேஷன் மேசையருகே நின்று, அதன் உயரம் தன் இடுப்புக்குச் சரிவருமா என்று பார்த்துக்கொண்டாள்.

பலகை வெளிவந்தது. தையற்கடைக்காரர் நூலளக்கும் கண்களால் அதன் நான்கு மூலைகளையும் அளந்தார்.

"இப்பத்தாம்மா சரி. வெள்ளை சுத்தமா போயிடுச்சு."

பலகையே வெள்ளை நிறம்.