பாட்டுக் கேட்டுப் படித்த இத்தாலியன்

வகுப்புக்குப் போகாமல், புத்தகம் திறக்காமல், காதால் மட்டுமே ஒரு பாஷையைக் கைப்பற்றியவர்கள் என்று ஓர் இனம் சுவிட்சர்லாந்தில் உண்டு. உங்களுக்கு அவர்களைத் தெரியும். காரில் ஏறியதும் பெல்ட் போடுமுன் சீடி போடுவார்கள், சிவப்பு விளக்கில் ஸ்டியரிங்கில் தாளம் தட்டுவார்கள், பச்சை விழுந்து பின்னால் ஹோர்ன் அடித்தால் அதையும் தாளத்தில் சேர்த்துக்கொள்வார்கள். ஜெர்மன் வகுப்பை ஏன் பாதியில் விட்டார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. அது மரியாதையில்லை.

ஓல்ட்டனில் இருந்த நித்தியானந்தன் இந்த இனத்தில் நல்ல சாதி. உணவகச் சமையலறையில் கூட வேலை செய்த ஓர் இத்தாலிக்காரன் இரண்டாயிரத்து மூன்றில் ஊருக்குத் திரும்பும்போது ஒரு பெட்டி இத்தாலியப் பாட்டு சீடி கொடுத்துவிட்டுப் போனான். அவ்வளவுதான். சவரம் செய்யும்போது காதல், பாத்திரம் கழுவும்போது பிரிவு, திரிம்பாக் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் கதறல். அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மனைவி ஜெயகௌரி அத்தனையையும் கேட்டபடி போவாள்.

கோயிலில் பழக்கமான இளையவன் சந்திரகுமார் வாசலில் ஒருநாள், அண்ணைக்கு இத்தாலியன் விளங்குமோ என்று கேட்டுவிட்டான்.

"விளங்குமோவோ? எனக்குக் கனவே அதிலைதான் வருது."

வந்திருக்கலாம். ஆனால் பாட்டில் இருப்பது என்ன? நிலா, கடல், இதயம், கண்ணீர், போகாதே. இந்த இத்தாலியனை வைத்துக்கொண்டு ஒருவர் தக்காளி வாங்க முடியாது. தக்காளி விற்பவள் விட்டுப் போனால் அழ மட்டும் முடியும். அதைவிடப் பெரிய சிக்கல், பாட்டில் எதிராளி திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. அதனால் நித்தியானந்தனுக்குப் பேச வந்தது. கேட்கத்தான் வரவில்லை.

ஜெயகௌரிக்கோ நிலாவும் வேண்டாம், கடலும் வேண்டாம். ஒரு சனிக்கிழமை வேண்டும். அவர்கள் குடியிருந்த கட்டடத்துக்கு நிலவறையில் ஒரே ஒரு உடுப்புத் தோய்க்கும் மெஷின். வீட்டுக்கு ஒரு நாள். இவர்களுடையது செவ்வாய். முதியோர் இல்லத்தில் அவளுக்கு முழுநேர வேலை கிடைத்ததிலிருந்து செவ்வாய் ஒத்துவரவில்லை. வேலையால் ஓடிவந்து தோய்த்த உடுப்பு விடியும்வரை காயாமல் குளியலறையில் தொங்கி, வீடு முழுக்கப் பூஞ்சண வாசனை. மேல்மாடிக்காரர் வீடு மாறிப் போனதில் சனிக்கிழமை காலியாகியிருந்தது. அதைக் கொடுப்பவர் கட்டடத்தைப் பராமரிக்கும் சினோரா பாவெசி என்ற இத்தாலிய விதவை. முப்பது வருடமாக இந்த நாட்டில் இருப்பவர். ஜெர்மன் தண்ணீராய் ஓடும்.

"நான் போய் ஜெர்மனிலை ரெண்டு வார்த்தை கேட்டிட்டு வாறன்" என்றாள் ஜெயகௌரி.

"உமக்கென்ன விசரே? தாய்ப் பாஷையிலை கேட்டால் மனிசி உருகிப் போகும். நீர் பேசாமல் பின்னாலை நில்லும்."

கோயிலுக்குப் போடும் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு போனார். ஜெயகௌரி உடுப்புக் கூடையோடு நாலு படி கீழே நின்றாள். கதவு திறந்தது. நித்தியானந்தன் வலது கையை நெஞ்சில் வைத்து, சனிக்கிழமை என்ற சொல்லை எப்படியோ முதலில் சொல்லிவிட்டார். பிறகு கண்ணை மூடி, அது இல்லாமல் தன் இதயம் படும் பாட்டையும், இரவுகளின் நீளத்தையும் விவரித்தார். சினோரா சிரித்தபடி மேசையிலிருந்து அட்டவணையை எடுத்து, சனிக்கிழமையில் விரலை வைத்துக்கொண்டு, ஏதோ நிதானமாகக் கேட்டார். கேட்கும்போது அவருடைய மற்றக் கை படிக்கட்டைக் காட்டியது. மூலையில் நின்ற, படி கூட்டும் தும்புத்தடியைக் காட்டியது. பனி தள்ளும் சவளைக் காட்டியது. யன்னலுக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்த பனியையும் காட்டியது.

கண் திறந்திருந்தால் குழந்தைக்கும் விளங்கும். பாடகர் கண் திறப்பாரா?

"செம்ப்ரே" என்றார். எப்போதும் என்று அர்த்தம். எல்லாப் பாட்டிலும் வரும்.

சினோரா நம்பாமல் இன்னொரு தரம் கேட்டார்.

"செம்ப்ரே. முழு இதயத்தோடு."

ஜெயகௌரி வாயைத் திறந்தாள். அதற்குள் சினோராவின் பேனை சனிக்கிழமையில் இவர்கள் பெயரை எழுதத் தொடங்கியிருந்தது. எழுதி முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

படியிறங்கும்போது, "பாத்தீரே என்ரை இத்தாலியனை?" என்று கேட்டார்.

"ஓம், பாத்தனான். சப்பாத்தை மாத்துங்கோ, வெளியிலை பனி கிடக்கு."

அந்த மாரி முழுக்கச் சனிக்கிழமைகளில் நிலவறையில் மெஷின் ஓடியது. காய்ந்த உடுப்பு மணந்தது. வாசலில் நித்தியானந்தன் பனி தள்ளினார், பிறகு நாலு மாடிப் படியும் கூட்டினார். இத்தாலியன் தெரிந்தபடியால்தான் கட்டடத்தையே தன்னை நம்பி விட்டிருக்கிறார்கள் என்று திரிம்பாக்கில் சொல்லிக்கொண்டார். சந்திரகுமார் அதையும் நம்பினான்.

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். நேற்றுச் சாப்பிடும்போது உங்கள் வீட்டில் உங்களிடம் ஏதோ கேட்டார்கள்; தட்டிலிருந்து தலை நிமிராமல் ஓம், ஓம் என்றீர்கள். எதற்கு ஓம் என்றீர்கள்? கொஞ்சம் எழும்பிப் போய் வாசலைப் பாருங்கள். அங்கே ஒரு சவள் சாத்திவைத்திருக்கும்.