மழைக்கு ஒதுங்கும் மியூவான்

மழை பெய்தால் மியூவான்கள் ஒழுங்காக வருவதில்லை. வெயில் நாளில் மணிக்கு மூவாயிரம் வருகின்றவை, மழை நாளில் இரண்டாயிரத்து எழுநூறோடு நின்றுவிடுகின்றன.

றமணன் மாஸ்டர் குறிப்பேட்டை மூன்றாவது தடவையாகப் புரட்டினார். மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் வருடத்தில் பாதி நாள் மழை நாள்தான். ஆகவே விஷயம் சின்னதல்ல.

மியூவான் என்பது வானத்தின் உச்சியில் பிறந்து, கூரை, தலை, பாறை எதையும் மதிக்காமல் ஊடுருவிப் போகும் துகள். உங்கள் உள்ளங்கைக்குள்ளாலும் நிமிடத்துக்கு நூறு போய்க்கொண்டிருக்கிறது. வலிப்பதில்லை என்பதால் யாரும் முறைப்பாடு செய்வதில்லை. அதை எண்ணக் கறுப்புத் தாள் சுற்றிய இரண்டு தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. இரண்டையும் ஒரே கணத்தில் தாண்டினால் சிவப்பு எண்ணில் ஒன்று கூடும். அவ்வளவுதான் கருவி. எண்களைத் தானாகப் பதியும் கணினி அடுத்த நிதியாண்டில் வருமாம். எந்த நிதியாண்டுக்கு அடுத்தது என்று யாரும் சொல்லவில்லை.

கருவியைக் கொடுத்தவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் துரைராசா. "மூண்டு மாதத்துக்குப் பிசகில்லாத தரவு தாரும், றமணன். யாழ்ப்பாணத்தில ஆய்வு உதவியாளர் இடம் உமக்குத்தான்" என்றிருந்தார்.

ஆறு வருடத்தில் ஒன்பது இடமாற்ற விண்ணப்பம் போட்டுத் தோற்ற மனிதர் றமணன். மனைவி ஊர்மிளா யாழ்ப்பாணத்தில் இருந்தாள். மகளோ, அப்பா என்பவர் தொலைபேசிக்குள் வசிக்கும் ஆள் என்றே நம்பியிருந்தாள். வீட்டுக்குப் போக அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே வழி இந்தச் சிவப்பு எண்தான்.

பகலில் பிள்ளைகள் தட்டுகளின் மேல் சாப்பாட்டுப் பெட்டி வைப்பதால் கருவிக்கு ஓய்வு. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் எண்ண வேண்டும். மாஸ்டரின் பஸ் காலையில் பாடசாலை தொடங்கும் நேரத்துக்குத்தான் வரும்; மாலையில் நாலு மணி பஸ்ஸை விட்டால் ஹட்டனில் இருக்கும் அறைக்குப் போக வழியில்லை. அதனால் எண்ணை எழுதும் பொறுப்பு பாடசாலைக் காவலாளி செல்லசாமியிடம் போனது. அவர் தோட்டத்தில் பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில், தராசுக்குப் பக்கத்தில் நின்று முப்பத்தொரு வருடம் எழுதிய கணக்கப்பிள்ளை. ஓய்வு பெற்ற பிறகும் காதில் பேனா இருந்தது. குறிப்பேட்டில் ஒரு நாள் தவறவில்லை, ஓர் இடத்திலும் அடித்தல் திருத்தல் இல்லை. அப்படிப்பட்ட குறிப்பேட்டை எந்த விஞ்ஞானி சந்தேகிப்பான்?

"ஐயா, மழை நாளிலயும் கவனமாத்தானே பாக்கிறியள்?"

"மழ நாள்லதாங்க சார் கூடுதலா கவனிப்பேன்."

ஆகவே குற்றம் கூரையில். ஆய்வுகூடத்துத் தகரக் கூரை ஏழு இடத்தில் ஒழுகியது. மாஸ்டர் கருவிக்கு மூன்று சுற்றுப் பொலித்தீன் சுற்றி, மேலே தன் குடையையும் விரித்து வைத்துவிட்டு, நனைந்துகொண்டே பஸ் ஏறினார். அடுத்த மழை நாளிலும் அதே இரண்டாயிரத்து எழுநூறு. கூடவே மாஸ்டருக்குக் காய்ச்சல்.

பாடசாலையில் ஒழுகாத கூரை ஒன்றே ஒன்று. அது அதிபர் ரஜனியின் தலைக்கு மேல் இருந்தது.

"கருவியை உங்கட அறையில வைக்கலாமே, டீச்சர்?"

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

"ஆய்வுகூடத்தில."

விஞ்ஞானத்துக்காக அதிபர் இடம் மாறினார். ஒரு கையில் குடை, மறு கையில் பேனா என்று கையெழுத்துப் போட்டபடி, மாஸ்டரைப் பற்றி வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் எழுதினார். அடுத்த மழைக்கு எண் இரண்டாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றெட்டு.

அந்த வாரம், மகளின் புள்ளிகளை விசாரிக்கக் கொழுந்து பறிக்கும் பூரணி வந்தாள். சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தை உற்றுப் பார்த்தாள்.

"இது என்னங்க சார், ஏறி எறங்குது?"

"மழை பெய்தா எண்ணிக்கை குறையுது, அம்மா."

"எங்க கொழுந்தும் அப்பிடித்தாங்க."

"மழைக்குள்ள நீங்கள் குறைச்சுத்தானே பறிப்பியள்?"

"பறிக்கிறது கொறையாதுங்க சார், அங்க மடுவத்துல..."

பௌதிகம் தெரியாதவர்களோடு பேச மாஸ்டருக்கு ஏது நேரம்? "மகளுக்கு எழுபத்திரண்டு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்றைக்கே அவர் முடிவுக்கு வந்தார். கருவியில் பிழையில்லை, கூரையில் பிழையில்லை, செல்லசாமியில் பிழையே இல்லை. அப்படியென்றால் இது கண்டுபிடிப்பு!

தொலைபேசியில் பேராசிரியர் வெடித்தார். "உமக்கென்ன விசரே? கல்லுக்குள்ளால போற சாமான் மழைக்கு ஒதுங்குமே?"

"அறுபது நாள் எழுதியிருக்கு, சேர். ஒவ்வொரு மழைக்கும் சரியா நூற்றுக்குப் பத்து குறையுது."

மறுமுனையில் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு குரல் குழைந்தது. "இதுக்குத் துரைராசா–றமணன் விளைவு எண்டு பேர் வைப்பம்."

மறுவாரம் பத்திரிகையில் 'துரைராசா விளைவு' என்று மட்டும் வந்தது. அச்சில் இடம் போதவில்லையாம்.

மூன்று மாதம் முடியும் நாளில் பேராசிரியர் நேரே வந்து இறங்கினார். கூடவே கொழும்பிலிருந்து இரண்டு நிபுணர்கள், ஒரு தொலைக்காட்சிக் கமரா. றமணனின் நியமனக் கடிதம் பேராசிரியரின் சட்டைப்பையில் இருந்தது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மழையும் சொல்லிவைத்த மாதிரிக் கொட்டியது.

மாலை ஐந்து மணிக்கு எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் அதிபர் அறையில் ஒரு மணி நேரம் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆறு மணிக்கு அது மூவாயிரத்துப் பன்னிரண்டில் நின்றது.

பேராசிரியரின் முகம் வெளிறியது. "மழை காணாதோ?"

"இதுக்கு மேல பேஞ்சா பள்ளிக்கூடமே கெளம்பிரும்" என்றார் ஆய்வுகூடத்திலிருந்து குடையோடு வந்து வாசலில் நின்ற ரஜனி.

நிபுணர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். றமணனுக்குக் கண் கலங்கியது. யாழ்ப்பாணம் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாக இறங்குவது அவருக்குத் தெரிந்தது.

யார் மானம் போனால் என்ன, கடமை கடமைதான். செல்லசாமி காதிலிருந்து பேனாவை எடுத்தார். குனிந்து சிவப்பு எண்ணைப் பார்த்தார். ஜன்னல் வழியே வெளியே ஒரு பார்வை. பிறகு உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டு, அழகான கையெழுத்தில் எழுதினார். மாஸ்டர் எட்டிப் பார்த்தார். இரண்டாயிரத்து எழுநூற்றுப் பதினொன்று.

"ஐயா! அங்க மூவாயிரத்துப் பன்னிரண்டு எண்டு கிடக்கு. நீங்கள் ஏன் குறைச்சு எழுதுறியள்?"

கமரா திரும்பியது. செல்லசாமி பேனாவைக் காதில் செருகிக்கொண்டார்.

"என்னங்க சார், புதுசா கேக்குறீங்க? மழ நாளுங்க. தண்ணிக்கு நூத்துக்குப் பத்து கழிக்காம எந்தத் தோட்டத்துல எழுதுவாங்க?"