ஒரு பக்கம் சரிந்த மீன்பெட்டிப் படகு

கடற்கரை வீட்டில் பிறந்தவர்களுக்குப் படகைப் பற்றி எல்லாம் தெரியும் என்றொரு மிதப்பு இருக்கும். எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. (நான் படிப்பிப்பது கணிதம்.)

பக்கவாதத்தில் அப்பாவின் வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் போன பிறகு, அவருடைய பைபர் படகை விற்றுவிட்டோம். அன்றிலிருந்து அவர் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். சாப்பாட்டுக்குக்கூடத் திரும்பமாட்டார். அந்த முகத்தை எங்கள் பக்கம் திருப்பிவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதே படகைச் சின்னதாகச் செய்து காட்டலாம் என்று இறங்கினேன்.

மீன்பெட்டியின் வெள்ளை நுரை அட்டையை, ரெஜிபோமை, வெட்டிப் படகின் உடம்பைச் செதுக்கினேன். உண்மையாகவே அழகாக வந்தது. ஆனால் கைபட்டால் நொறுங்கும், அதை இறுக்க வேண்டும். எங்கள் சல்லிக் கிராமத்துக் கரையில் ஓட்டை விழுந்த படகுகளுக்கு ரெசின் பசை பூசிப் பைபர் துணி ஒட்டுவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள் நான். கட்டிலுக்குப் பக்கத்திலேயே கடை விரித்தேன். மணத்துக்கு அப்பா திரும்பினார். நான் ரெசினை ஊற்றப்போவதைக் கண்டதும் இடக்கையை வேகமாக ஆட்டத் தொடங்கினார்.

"அம்மா, ஓடி வாங்கோ! அப்பாவுக்குச் சந்தோசம், கை ஆட்டுறார்!"

அந்த உற்சாகத்தில் தாராளமாகவே ஊற்றினேன்.

ரெசின் பட்டால் ரெஜிபோம் கரையும் என்பது ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியாது போலிருக்கிறது. என் கண் முன்னாலேயே படகு உள்ளுக்குள் உருகி, வலப்பக்கம் சரிந்து, மேலே போர்த்தியிருந்த பைபர் துணியோடு அப்படியே இறுகிவிட்டது.

"விசரி! அந்த மனுசன் வேண்டாம் எண்டெல்லோ கையை ஆட்டினது!" குசினியிலிருந்து வந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

அப்பா சிரித்தார். வாயின் இடப்பக்கம் மட்டும் மேலே போனது. கண்ணால் தண்ணீர் வழிந்தது. நானும் அழுதேன், வெட்கத்திலா சந்தோசத்திலா என்று இன்றைக்கும் தெரியாது.

அதன்பிறகு அவர் சுவர்ப்பக்கம் திரும்பவே இல்லை. அவர் விரல் காட்டக் காட்ட, அந்தக் கோணல் படகுக்கு ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். ஈர்க்கில் துடுப்பு, நூல்கட்டையில் எஞ்சின், கிழிந்த வலைத் துண்டு. நங்கூரம் மட்டும் மிச்சம் இருந்தது. அதற்குள் அப்பா போய்விட்டார்.

இப்போதும் எங்கள் வீட்டில் கோணலான எதற்கும், நான் சுட்ட ரொட்டியிலிருந்து என் மகனின் தலைவகிடு வரைக்கும், "ரீச்சர் கட்டின போட்" என்றுதான் பெயர். படகு அப்பாவின் படத்துக்குக் கீழே இருக்கிறது. வருகிறவர்கள் யாராவது இரக்கப்பட்டு, வலப்பக்கம் கடதாசி மடித்து முண்டு கொடுத்து நிமிர்த்துவார்கள். அவர்கள் போனதும் அம்மா அந்தக் கடதாசியை உருவி எடுத்துவிடுவார்.

"அது அப்பிடியே நிக்கட்டும் பிள்ளை. அந்த மனுசன் சிரிச்ச மாதிரி இருக்கு."