பாதி மாத்திரைப் பரோபகாரி

கிருமிகளுக்கென்று ஒரு சங்கம் இருந்து, அது ஆண்டு விழா நடத்தி, தங்கள் இனம் தழைக்கப் பாடுபட்ட மனிதர் ஒருவரை மேடையேற்றிப் பாராட்டுவதென்று தீர்மானம் போட்டால், யாரைக் கூப்பிடும் என்று நினைக்கிறீர்கள்? கை கழுவாதவரையா? தும்மும்போது வாயை மூடாதவரையா? அவர்களெல்லாம் சாதாரணத் தொண்டர்கள், பின்வரிசை. முன்வரிசை நாற்காலி நம் பாதி மாத்திரைப் பரோபகாரிக்குத்தான்.

இவரை உங்களுக்குத் தெரியும். டாக்டர் ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால், முதல் நாள் முனகிக்கொண்டே விழுங்குவார், இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து பேப்பர் எங்கே என்று கேட்பார், மூன்றாம் நாள் குளித்துத் தலை சீவி, "உடம்புதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று நியாயம் பேசி, மிச்சத்தைப் பத்திரமாக எடுத்து வைப்பார். தூக்கி எறிய மாட்டார். அங்கேதான் அவருடைய தாராள மனசு நிற்கிறது. அந்த மிச்சம் அவருக்கல்ல, உங்களுக்கு. உங்கள் தொண்டை என்றைக்குக் கட்டும் என்று அது காத்துக்கொண்டிருக்கிறது.

இந்த இனத்தைச் சேர்ந்த யார் வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும். என் அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமாவுடையது பிஸ்கட் டப்பா. மூடியில் இரண்டு பூனைக்குட்டிகள் கழுத்தில் ரிப்பனோடு சிரிக்கும். உள்ளே அக்காவின் பல்வலி, என் தொண்டைப்புண், மாடி வீட்டுக்காரரின் காதுச் சீழ் எல்லாம் பாதிப் பாதியாகப் படுத்திருக்கும். கத்தரிக்கோலால் வெட்டிய அட்டைகளாதலால் முழுப் பெயர் எதற்கும் கிடையாது. ஒன்றில் 'சிலின்' மட்டும் மிஞ்சியிருக்கும், இன்னொன்றில் 'மைசின்'. காலாவதித் தேதி எந்தக் காலத்திலோ வெட்டுப்பட்டுப் போயிருக்கும். அதனால் என்ன? மாமாவுக்கு வாலைக் காட்டினால் போதும், மாட்டைச் சொல்லிவிடுவார்.

"தொண்டை கரகரங்குது மாமா" என்று சொல்லி நான் வாய் மூடுமுன் டப்பா திறக்கும்.

"சளி மஞ்சளா, வெள்ளையா?"

"பாக்கல மாமா."

"மஞ்சளாத்தான் இருக்கும். இந்தா, ரெண்டு போடு. கேக்கலைன்னா சொல்லு, வேற கலர் தரேன்."

இப்படி ஒருவர் எல்லாக் குடும்பத்திலும்தான் இருக்கிறார், இதிலென்ன விசேஷம் என்கிறீர்களா? மாமாவுக்கு உத்தியோகம் என்ன தெரியுமா? கிருமி ஆராய்ச்சி. அதிலும் மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிய ஆராய்ச்சி. பல தேசத்து விஞ்ஞானிகள் சேர்ந்து நடத்தும் பெரிய ஆய்வில் அவர் ஒரு தூண். பகலெல்லாம் வெள்ளைக் கோட்டுக்குள் நின்று, வட்டத் தட்டில் கிருமியை வளர்த்து, அதன்மேல் மருந்து தோய்த்த சின்னச் சின்னப் பொட்டுகளை வைத்து, எந்தப் பொட்டைச் சுற்றிக் கிருமி சாகிறது, எதைச் சட்டை செய்யாமல் ஏறி மிதிக்கிறது என்று பார்ப்பார். சாயங்காலம் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், "பாதியில நிறுத்தினா சோதாக் கிருமிதான் சாகும். பலசாலி பொழச்சு, புள்ளகுட்டி பெத்து, ஊரையே வளைச்சுக்கும். டாக்டர் குடுத்ததை முழுசா போடுங்க!" என்று மேசையைத் தட்டுவார். பிறகு வீட்டுக்கு வந்து பூனைக்குட்டி டப்பாவைத் திறப்பார்.

ஒரே ஆள்தான், சந்தேகம் வேண்டாம். கோட்டை ஆய்வுக்கூடத்து ஆணியில் மாட்டும்போது அறிவையும் அதன் பையிலேயே வைத்துவிட்டு வருவது அவர் வழக்கம். அக்கா கேட்டால், "அதெல்லாம் ஜனங்களுக்குச் சொல்றது. நாம விஷயம் தெரிஞ்சவங்க" என்பார். விஷயம் தெரிந்தவர் வயிற்றில் இருக்கிறோமா, தெரியாதவர் வயிற்றில் இருக்கிறோமா என்று கிருமி விசாரித்துக்கொண்டா இருக்கும்?

போன வருஷம் கடல் தாண்டி ஓர் உலக மாநாடு. அதுவரை கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தே தலை நரைத்த மாமாவுக்கு இந்த முறை மேடையில் இடம். முக்கிய உரை! புதுக் கோட்டு தைத்தார். கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார். எங்கே சிரிக்க வேண்டும், எங்கே கவலைப்பட வேண்டும் என்று பென்சிலால் குறித்துவைத்தார். பெட்டி கட்டும் வாரத்தில் சிறுநீர் எரிந்தது. குளிர் ஜுரம் வந்தது.

"டாக்டர்கிட்ட போங்க" என்றாள் அக்கா.

"அவர் என்ன எழுதுவார்னு எனக்குத் தெரியாதா?"

டப்பா திறந்தது. முதலில் 'சிலின்' இரண்டு. மறுநாள் 'மைசின்' மூன்று. அதற்கும் மறுநாள், பெயரே இல்லாத, பாதி சிவப்பும் பாதி கறுப்புமான ஒரு குளிகை. ஜுரம் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் அக்கா அவரைத் தெருமுனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். "இதுக்கு முன்னாடி ஏதாவது மாத்திரை போட்டீங்களா சார்?" என்று டாக்டர் கேட்டபோது, "சேச்சே!" என்றார் மாமா. அக்கா கூரையைப் பார்த்தாள். டாக்டர் சிறுநீரைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்.

அந்த டாக்டரின் கிளினிக்கும் அதே உலக ஆய்வில் சேர்ந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே எடுக்கும் மாதிரிகள் மாமாவின் ஆய்வுக்கூடத்துக்குத்தான் போகும்; குப்பியில் பெயர் இருக்காது, எண் மட்டுமே. நோயாளியின் மானத்தைக் காப்பாற்ற மாமாவே போட்ட விதி அது.

இரண்டு நாள் கழித்து, அக்கா கொடுத்தனுப்பிய வெந்நீர் பிளாஸ்க்கோடு நான் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். மாமா வேர்க்க விறுவிறுக்க ஒரு தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் பேரக்குழந்தையைப் பார்த்த பூரிப்பு. அடுத்த அறையில் எச்.ஐ.வி. பிரிவைக் கவனிக்கும் அம்மாவைக் கூவி அழைத்தார்.

"ஓடி வாங்க மேடம்! என்ன ஜோரு பாருங்க! ஒரு பொட்டைக்கூட மதிக்கல. ஒரே ஒரு ஊசி மருந்துக்குத்தான் பயப்படுது. நம்ம பக்கத்துலேருந்து இப்படி ஒண்ணு வந்ததே இல்ல. மாநாட்டுல என் முதல் படமே இதுதான்!"

படம் எடுத்து முடித்ததும் பூரிப்பு கோபமாக மாறியது.

"எந்த மடையன் வளர்த்தான் இதை? ஒரு நாள் வேலை இல்ல மேடம் இது. வருஷக்கணக்கா இங்க ரெண்டு, அங்க மூணுன்னு தின்னு, ஊட்டி ஊட்டி வளர்த்திருக்கான். அவனை மட்டும் நேர்ல பாத்தேன்னா..."

"எங்ககிட்ட வர்றவங்க வாழ்க்கை பூரா தினம் மாத்திரை போடறாங்க சார்" என்றார் அந்த அம்மா. "ஒரு வேளை தவறினா அவங்களே ஃபோன் பண்ணி, என்ன பண்ணட்டும்னு கேக்கறாங்க. இந்த மனுஷனுக்கு ஒரு வாரம் முடியலையாக்கும்!"

"திமிரு!" என்றார் மாமா, நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு.

அப்போது மாமாவின் ஃபோன் அடித்தது. கையில் உறை இருந்ததால் என்னை எடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னார். தெருமுனை டாக்டர்.

"சார், உங்க யூரின் ரிசல்ட் காலையிலயே உங்க லேப்லேருந்து வந்துடுச்சு. மாத்திரை எதுவும் கேக்காதாம். ஒரே ஒரு ஊசிதான். இன்னைக்கே அட்மிட் ஆயிடுங்க, விட்டா கிட்னிக்குப் போயிடும். ஆமா, நிஜமாவே முன்னாடி ஒண்ணும் போடலையா?"

அந்த அம்மா தட்டைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"நேர்ல பாத்துட்டீங்களே சார்" என்றார்.

விமானம் மாமா இல்லாமலே பறந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதைச் சொந்த ஆய்வுக்கூடத்திலேயே சோதித்தும் பார்த்தவர் இவர் ஒருவர்தான். இன்றைக்குச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அட்மிட் ஆன அன்று யாரும் சிரிக்கவில்லை. அந்த ஒரு ஊசியும் கேட்காவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அக்கா வராந்தாவில் போய் நின்று அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து அவரைத் திட்டினாள்.

மறுநாள் சாயங்காலம், மாநாட்டுக்காரர்கள் பெரிய மனது பண்ணி, படுக்கையிலிருந்தே மடிக்கணினி வழியாகப் பேச அனுமதித்தார்கள். மேலே புதுக் கோட்டு, கீழே ஆஸ்பத்திரிப் போர்வை, கையில் டிரிப்ஸ் குழாய். முதல் படமாகத் தட்டைக் காட்டி மாமா தொடங்கினார். ஒரு நோயாளி. நடுவயது. படித்தவர். விவரமானவர்.

"விவரமானவர்ங்கறதை எடுங்க" என்றாள் அக்கா பக்கத்திலிருந்து.

அது உலகம் முழுக்கக் கேட்டது. மொழி புரியாதவர்களுக்கும் தொனி புரிந்தது, மண்டபம் சிரித்தது. மாமா தாளைப் புரட்டித் தேடினார். பென்சில் குறிப்பில் அந்த இடத்துக்கு ஒன்றும் இல்லை போலிருக்கிறது. பிறகு, அந்த நோயாளி நான்தான் என்று சொல்லிவிட்டார். உடனே யாரும் கைதட்டவில்லை. அத்தனை விஞ்ஞானிகளும் தத்தம் வீட்டு டப்பாவை நினைத்துக்கொண்டார்கள் என்பது என் ஊகம். அப்புறம் தட்டினார்கள் பாருங்கள், மடிக்கணினியே அதிர்ந்தது.

மனிதர் திருந்திவிட்டார் என்று அக்காவும் நானும் கண்கலங்கினோம். மறுநாள் காலை ஜுரம் விட்டது. மாமா எழுந்து உட்கார்ந்தார். பேப்பர் எங்கே என்றார். தலை சீவிக்கொண்டார். ஊசியோடு வந்த நர்ஸைப் பார்த்துக் குழைவாகச் சிரித்தார்.

"சிஸ்டர், உடம்புதான் சரியாயிடுச்சே. மிச்ச ஊசியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா? யாருக்காவது உதவும்."

அக்கா நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கடைசி ஊசி ஏறும்வரை நகரவில்லை. டப்பாவில் இருந்ததை மருந்துக்கடையில் கொடுத்து அழிக்கச் சொல்லிவிட்டாள். பூனைக்குட்டிகள் இப்போது பொத்தானுக்கும் நூல்கண்டுக்கும் காவல் இருக்கின்றன.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது, உங்கள் வீட்டில்தான் டப்பாவே இல்லையே. அப்படியானால் மேசை இழுப்பறையில், பழைய சார்ஜருக்கும் தீர்ந்துபோன பேட்டரிக்கும் நடுவில், ஒரு மூலை வெட்டுப்பட்ட அட்டையில் நாலு மாத்திரை படுத்திருக்கிறதே, அது யாருடையது? என்ன சொன்னீர்கள், ஓர் அவசரத்துக்கு இருக்கட்டும் என்றா? கிருமிகள் சங்கத்து முன்வரிசையில் மாமாவின் நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. உங்கள் விலாசத்தைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறார்களாம்.