தண்ணீர்ப் பீப்பாய் மேல் உட்கார்ந்திருந்த மைத்துனருக்கு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தங்கையும் சுகம். தங்கள் முழங்கால் வலி தங்களை விட்டுப் போய்விட்டதா, கூடவே இருக்கிறதா என்று அறிய ஆசை. கடிதம் நீளமாக இருக்கிறதே, மனிதர் மறுபடி கோபத்தில் இருக்கிறாரோ என்று நினைக்க வேண்டாம். ஆச்சரியத்தில்தான் நீண்டுவிட்டது.

மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை கிடைத்த செய்தி தங்களுக்குத் தெரியும். மாடியில் ஒரு வீடு எழுப்பினால் இங்கேயே இருந்துவிடுகிறோம், இல்லையென்றால் அடுத்த மாதம் கிளம்புகிறோம் என்று மகள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அவர்கள் வாடகை வீட்டில் பாதிச் சாமான் அட்டைப்பெட்டிக்குள் போயாகிவிட்டது. எனக்கு இருப்பது ஒரே மகள். மாடி கட்ட எனக்கும் கொள்ளை ஆசை. குறுக்கே நின்றது தாங்கள்தான். கீழே நிற்கும் தூண்கள் தங்கள் மேற்பார்வையில் எழுந்தவை அல்லவா? கான்கிரீட் போட்ட அன்று தாங்கள் செய்தது தண்ணீர்ப் பீப்பாய் மேல் உட்கார்ந்திருந்தது மட்டும்தான். "கொஞ்சம் தண்ணி விட்டா கலவை நல்லா இளகும், எந்திரிங்க சார்" என்று வேலையாட்கள் கெஞ்சியும் தாங்கள் அசையவில்லை. அப்படிப்பட்ட தாங்களே, தூண் இறுகிய பிறகு ஈரச் சாக்கைச் சுற்றி, காலையும் மாலையும் வாளி வாளியாக ஊற்றினீர்கள். கேட்டபோது தராமல் கேட்காதபோது ஊற்றுகிற மனிதரை நம்பி மாடியை எப்படி ஏற்றுவது? இதை நான் சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். தங்கள் காதுக்கும் வந்திருக்கும்.

கடைசியில் மாப்பிள்ளை, "மாமா, நீங்க சொல்றதும் வேண்டாம், தூண் போட்டவர் சொல்றதும் வேண்டாம், தூணையே கேட்டுடலாம்" என்று சோதனைக்கு ஒரு பொறியாளர் அம்மாவை ஏற்பாடு செய்தார். சுத்தியலோடு வருவார் என்றார். சுத்தியல் என்றதும் வீடே அதிரப் போகிறது என்று நினைத்தேன். சுவர்க் கடிகாரத்தை இறக்கினேன், கண்ணாடிச் சாமானையெல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அது போகட்டும். படித்தவர் ஒருவர் வந்து பார்க்கும்போது தூண் அழுக்காக நிற்கலாமா என்று, முந்தின வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டு வாசல் தூணுக்கு மட்டும் மொழுமொழுவென்று புதுப்பூச்சு பூசி வெள்ளையும் அடித்து வைத்தேன். போட்டோ எடுக்கப் போனால் முகத்துக்குப் பவுடர் போடுவதில்லையா? தங்கள் தங்கை அப்போதே தலையில் அடித்துக்கொண்டாள். நான்தான் காதில் வாங்கவில்லை.

வந்த அம்மா சின்னப் பையிலிருந்து டார்ச் லைட் மாதிரி ஒன்றை எடுத்தார். இதுதான் சுத்தியலாம்! பின்கட்டுத் தூணில் ஓரிடத்தில் பூச்சைக் கொத்தி எடுத்து, உள்ளே இருந்த கான்கிரீட்டைக் கல்லால் தேய்த்து, அதன் மேல் கருவியை நேராக வைத்து மெல்ல அழுத்தினார். 'டக்'. அவ்வளவுதான். உள்ளே ஸ்பிரிங்கில் இருக்கிற குண்டு தூணை அடித்துவிட்டுத் திரும்பித் துள்ளுமாம். தூண் கெட்டியாக இருந்தால் துள்ளல் அதிகம், சொத்தையாக இருந்தால் குறைவு. எவ்வளவு துள்ளியது என்று பக்கத்தில் ஒரு முள் காட்டும். மச்சான், நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இத்தனை வருஷமாக வாயே திறக்காத தூண் ஒரு தட்டுக்குப் பதில் சொல்கிறது! அவர் இடம் மாற்றி மாற்றித் தட்ட, அது சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போச்சு. நம்ம வீட்டில் யாரை எது கேட்டாலும் இவ்வளவு ஒழுங்காகப் பதில் வந்ததுண்டா?

அந்த நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்தது. "கொஞ்சம் பிடிச்சுக்கோங்க" என்று கருவியை என் கையில் கொடுத்துவிட்டுத் தெருப்பக்கம் போனார். என் கை சும்மா இருக்குமா? நேரே வாசல் தூணிடம் போனேன். அழகான தூண், அழகாகப் பேசும் என்று வைத்து அழுத்தினேன். 'டொக்' என்றது. முள்ளைப் பார்த்தால் பின்கட்டுத் தூணில் பாதிகூட இல்லை! "எல்லாரும் வெளியே வாங்க, வீடு போச்சு" என்று போட்ட சத்தத்தில் தங்கள் தங்கை அடுப்பைக்கூட அணைக்காமல் கரண்டியோடு தெருவுக்கு வந்துவிட்டாள். மாப்பிள்ளை என்னைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தார். மகள் மட்டும் பதறாமல், "அப்ப மீதிச் சாமானையும் கட்டிடறேன்ப்பா" என்று செருப்பை மாட்டினாள். அந்த நிமிஷம் என் நெஞ்சு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், மச்சான். தங்களை நான் திட்டக்கூட மறந்துவிட்டேன்.

பொறியாளர் அம்மா ஓடிவந்தார். "எங்க சார் அடிச்சீங்க?" காட்டினேன். நகத்தால் சுரண்டினார். "இது எப்ப பூசினது?" என்றார். போன வாரம் என்றேன். "நீங்க அடிச்சது பூச்சை, தூணை இல்ல சார்" என்று அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பிறகு உளியை வைத்து ஒரு தட்டுத் தட்ட, என் மொழுமொழு அழகு பப்படமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே தங்கள் தூண் கன்னங்கரேலென்று நின்றது. 'டக்'. 'டக்'. 'டக்'. பின்கட்டுத் தூணுக்கு ஒரு மாற்றும் குறையவில்லை!

"கலவை போடும்போது யார் சார் பக்கத்துல இருந்தாங்க? தண்ணி ஜாஸ்தியாப் போனா கான்கிரீட் இவ்வளவு உறுதியா நிக்காது. இறுகினப்புறம் நல்லா நனைச்சும் இருக்காங்க. விவரமான ஆள்" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். மச்சான், இந்தக் கூரையைத் தூண் தாங்கவில்லை, தாங்கள்தான் பீப்பாயில் உட்கார்ந்த வாக்கில் தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். மகள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றினாள். இனி எந்தச் சபையிலும் என் வாயிலிருந்து பீப்பாய் என்ற சொல் வராது என்று உறுதி கூறுகிறேன்.

தாங்களும் தங்கள் முழங்காலும் தங்கள் தூண்களைப் போல நீடூழி நிற்க வேண்டும். தங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பெருமை தாமதமாகத் தெரிந்துகொண்ட தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பொறியாளர் அம்மாவின் போன். அந்தச் சுத்தியலையே சோதிக்க அவர் ஆபீசில் ஓர் இரும்புக் கட்டி இருக்கிறதாம். அதன் மேல் தட்டினால் இன்ன எண்தான் வர வேண்டுமாம். வரவில்லையாம்! ஸ்பிரிங்கில் கோளாறு, நாளைக்கு வேறு சுத்தியலோடு வருகிறேன் என்றார். பழையது கூட்டிச் சொன்னதா, குறைத்துச் சொன்னதா என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டார். ஆகையால் மேலே எழுதிய புகழ்ச்சி முழுவதும் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படுகிறது. பீப்பாயைப் பற்றி என் பழைய கருத்தே நீடிக்கிறது.

இன்னொரு பி.கு.: அண்ணா, இதை உங்க தங்கச்சி நான் எழுதறேன். வேற சுத்தியல் வந்தாச்சு. பழசுதான் ஸ்பிரிங் தளர்ந்து குறைச்சுச் சொல்லியிருக்கு, இப்ப நம்பர் முன்னைவிட ஜாஸ்தி. நம்ம பொண்ணு பெட்டியெல்லாம் பிரிச்சுட்டா. இவர் காலையிலேயே போய் ஒரு பீப்பாய் வாங்கிட்டு வந்துட்டார். மாடிக்குக் கான்கிரீட் போடற அன்னிக்கு அது மேல நீங்கதான் உட்காரணுமாம். உங்க முழங்காலுக்கு இதமா இருக்க மெத்தையும் தைக்கக் கொடுத்திருக்கார். உங்ககிட்ட சொல்லக் கூடாதாம்.